குழந்தை கடைசியில்தான் வந்தது

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும்தான் நிம்மதி. இங்கே எல்லாரும் நலம். போன வாரம் பேரன் பள்ளி நாடகத்தில் நடித்தான். ராஜாவின் புது ஆடை கதை: ஏமாற்றுக்காரர்கள், சிலர் கண்ணுக்குத் தெரியாத அதிசயத் துணி என்று சொல்லி, இல்லாத ஆடையை ராஜாவுக்குப் போட்டுவிடுவார்களே, அதுதான். அவனுக்கு ஒரே வரிதான்: "ராஜா ஒண்ணுமே போடலையே!" பத்து நாளாக வீடு முழுக்க அதையே கத்திக்கொண்டு திரிந்தான்.

அந்த வரியின் கதை தெரியுமா உனக்கு? டென்மார்க்கின் ஆண்டர்சன் 1837இல் வெளியிட்ட கதை இது. ஆனால் கரு அவருடையதல்ல. 14ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் டான் ஹுவான் மானுவல் எழுதியதை அவர் ஜெர்மன் மொழிபெயர்ப்பில் படித்திருக்கிறார். அதில், தன் தகப்பனுக்குப் பிறக்காதவன் கண்ணுக்குத் துணி தெரியாது. தெரியவில்லை என்றால் மானத்தோடு சொத்தும் போய்விடும். யார் வாயைத் திறப்பார்கள்? கடைசியில் உண்மையைச் சொல்பவன் ராஜாவின் குதிரையைப் பார்த்துக்கொள்ளும் ஒரு கறுப்பினத்தவன். நான் யாருக்குப் பிறந்திருந்தால் எனக்கென்ன என்கிறான். இழக்க அவனிடம் எதுவும் இல்லையே! நம் நாட்டிலும் 13ஆம் நூற்றாண்டுச் சமண நூலான லீலாவதி சாரத்தில், சிராவஸ்தி ராஜாவை ஒருவன் இதே பிறப்புப் பயத்தைக் காட்டித்தான் ஏமாற்றுகிறான்.

ஆண்டர்சன் பிறப்பை எடுத்துவிட்டார். பதவிக்குத் தகுதியில்லாதவனுக்கும் மடையனுக்கும் துணி தெரியாது என்று மாற்றினார். அப்புறம், ராஜா ஒன்றும் போடவில்லை என்று கத்தும் அந்தக் குழந்தை! முதலில் எழுதியபோது அது கதையிலேயே இல்லை. ஊரே ஆடையை மெச்சுவதோடு கதை முடிந்துவிட்டது. அச்சுக்குப் போய், மெய்ப்புப் பார்க்கும் கட்டத்தில், நண்பர் எட்வர்ட் கொலினுக்கு எழுதி முடிவை மாற்றச் சொல்லியிருக்கிறார்.

எங்கள் நாடகத்தில் பேரன் கத்தியதும் திரை விழுந்தது, ஒரே கைதட்டல். புத்தகத்தில் அப்படி இல்லை. ஊரே கத்திய பிறகும், ஊர்வலம் நடந்தாக வேண்டுமே என்று ராஜா இன்னும் நிமிர்ந்து நடக்கிறார். பின்னால் பணியாளர்கள் இல்லாத அங்கியின் நுனியைத் தூக்கிக்கொண்டே போகிறார்கள். எனக்கு அந்த ஆட்களை நன்றாகத் தெரியும். ஆபீசில் முப்பது வருடம் நாம் இரண்டு பேரும் தூக்காத நுனியா?

வீட்டுக்கு வரும் வழியில் பேரன் கேட்டான்: "அரண்மனைக்குப் போனதும் ராஜா என்ன போட்டுக்கிட்டார் தாத்தா?" ஆண்டர்சன் அதை எழுதவில்லை. உனக்கு ஏதாவது தோன்றினால் அடுத்த கடிதத்தில் எழுது, அவனுக்குப் படித்துக் காட்டுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய பக்கத்து மேசைக்காரன்