பெசன்ட் நகர் கடற்கரையில் என் மகளுக்குக் கைகொடுத்தவர்களுக்கு

ஊரூர் ஆல்காட் குப்பத்து அண்ணன்மாருக்கும், டீக்கடை அக்காவுக்கும், அன்று கூட நின்ற எல்லோருக்கும் வணக்கம்.

கொண்டல் காற்று விடாமல் அடித்ததில் போன ஞாயிற்றுக்கிழமை கரை நெடுகச் சொறி (ஜெல்லி மீன் போன்ற கடலுயிர்) ஒதுங்கிக் கிடந்தது. காற்றடைத்த நீலப் பை மாதிரி இருக்கிற இந்த வகைக்கு நீந்தத் தெரியாது, காற்று தள்ளுகிற பக்கம்தான் வரும். பார்க்க அழகாக இருந்ததால் என் மகள் கையில் எடுத்துவிட்டாள். அதன் நீல இழைகள் மணிக்கட்டில் சுற்றிக்கொள்ள, அந்தத் தடம் அப்படியே சிவந்து தடித்தது. பிள்ளை துடித்துப்போனாள்.

ஒருவர் குடிதண்ணீர் பாட்டிலைத் திறந்தார், இன்னொருவர் மண்ணை அள்ளினார். அப்போதுதான் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஓடி வந்தார். "நல்ல தண்ணி ஊத்தாதீங்க, மண்ணு போட்டுத் தேய்க்காதீங்க!" கையில் பிளாஸ்டிக் கவரைச் சுற்றிக்கொண்டு இழைகளை ஒவ்வொன்றாக எடுத்தார். பக்கத்தில் ஒரு தம்பி கடல்தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினார்.

அப்புறம் அக்கா வாளியில் வெந்நீர் கொண்டுவந்தார். ஒவ்வொரு முறையும் முதலில் தன் கையை விட்டுச் சூடு பார்த்தார். பிறகுதான் பிள்ளையின் கையை உள்ளே வைக்கச் சொன்னார். ஆற ஆற மறுபடி ஊற்றினார். ஞாயிறு காலை, கடையில் அத்தனை கூட்டம். அதை விட்டுவிட்டு எங்களோடு உட்கார்ந்திருந்தார். காசு கொடுத்தபோது வாங்கவே இல்லை.

மருத்துவமனையில் டாக்டர் எல்லாம் கேட்டுவிட்டு, "முதலுதவி சரியாகவே நடந்திருக்கிறது" என்றார். சொறி செத்துக் கரையில் கிடந்தாலும் இழைகளிலுள்ள கொட்டும் செல்கள் வேலை செய்யுமாம். நல்ல தண்ணீர் பட்டாலோ தேய்த்தாலோ மிச்சமிருப்பவையும் வெடித்து நஞ்சை இறக்கும். 45 டிகிரி அளவு பொறுக்கும் சூட்டில் 20 நிமிடமாவது வைத்திருந்தால் வலி அடங்கும். மூச்சுத் திணறல் வருகிறதா என்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார். அவருக்கும் நன்றி.

மற்ற பிள்ளைகள் மிதித்துவிடாமல் வெயிலில் காவல் நின்ற கல்லூரி மாணவர்களையும் மறக்க மாட்டோம். அதே சொறியை மெல்லிய கையுறையோடு அள்ளிக்கொண்டிருந்த தூய்மைப் பணியாளர்களை நினைத்தால் இப்போதும் மனசு கேட்கவில்லை. அவர்களுக்குத் தடிமனான கையுறை கட்டாயம் கொடுக்க வேண்டும்.

மகள் இப்போது நன்றாக இருக்கிறாள். தழும்பு மங்கிக்கொண்டு வருகிறது. வரும் ஞாயிறு குடும்பத்தோடு வருகிறோம், அக்கா. குடிக்கிற டீக்காவது காசு வாங்கிக்கொள்ளுங்கள்.