இன்வெர்ட்டர் பேட்டரியில் எல்.இ.டி. பட்டையை நேரடியாக மாட்டாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

காற்று மழைக்கு மரம் விழுந்து கரண்ட் போகும் நீலகிரியில், இன்வெர்ட்டர் பேட்டரியிலிருந்தே ஒயர் இழுத்து 12 வோல்ட் எல்.இ.டி. பட்டை ஒட்டிக்கொள்கிறார்கள். சில மாதங்களில் அது மூன்று மூன்று பல்பாக அணையத் தொடங்கும். பட்டை மட்டரகம் என்றோ, பனி ஈரம் இறங்கிவிட்டது என்றோ சொல்வார்கள். பட்டையின் மேல் '151' என்று அச்சிட்ட, கரண்ட்டை மட்டுப்படுத்தும் கடுகளவு ரெசிஸ்டரைக் கவனிப்பதில்லை.

15-க்குப் பின் ஒரு பூஜ்யம், அதாவது 150 ஓம். வெள்ளை எல்.இ.டி. ஒன்றுக்குச் சுமார் 3.1 வோல்ட், தொடராக உள்ள மூன்றுக்கு 9.3. பேட்டரி 12 வோல்ட்டில் இருந்தால் ரெசிஸ்டருக்கு மிஞ்சுவது 2.7, ஓடும் கரண்ட் 18 மில்லி ஆம்பியர். மின்சாரம் திரும்பி, சார்ஜ் 14.4 வோல்ட்டைத் தொட்டால் மிச்சம் 5.1, கரண்ட் 34. வோல்ட் ஐந்தில் ஒரு பங்கு ஏறினால் கரண்ட் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. 20 மில்லி ஆம்பியருக்கான எல்.இ.டி. இதைத் தாங்காது. குளிர் காப்பாற்றும் என்றும் நம்ப வேண்டாம்: வெப்பநிலை பார்த்து ஏற்றும் சார்ஜர், ஊட்டிக் குளிரில் 14.4-க்கு மேலும் போகும்.

ஏற்கெனவே ஒட்டிய பட்டைக்கு, நடுவில் 12 வோல்ட்டை நிலையாகத் தரும் பக்-பூஸ்ட் மாட்யூல் போதும். புதிதாகச் செய்பவர்கள் கான்ஸ்டன்ட் கரண்ட் (மாறாத கரண்ட்) முறைக்கே போகலாம். 1 வாட் எல்.இ.டி. இரண்டைத் தொடராக இணைத்து, எல்.எம்.317 என்ற மூன்று கால் ரெகுலேட்டர் ஐ.சி. ஒன்றும் 3.9 ஓம், 1 வாட் ரெசிஸ்டர் ஒன்றும் வாங்குங்கள். ரெசிஸ்டர் அவுட் காலுக்கும் அட்ஜஸ்ட் காலுக்கும் நடுவே, எல்.இ.டி.யின் பிளஸ் அட்ஜஸ்ட் காலில். அவுட்டில் நேரடியாகக் கொடுத்தால் கட்டுப்பாடே இருக்காது. பலரும் தவறுவது இங்கேதான். அந்த இரு கால்களுக்கும் நடுவே ஐ.சி. நிலையாக வைக்கும் 1.25 வோல்ட்டை 3.9-ஆல் வகுத்தால் 320 மில்லி ஆம்பியர். பேட்டரி ஏறினாலும் இறங்கினாலும் மாறாது. மூன்றாவது எல்.இ.டி. சேர்க்காதீர்கள், ஐ.சி.க்கும் ரெசிஸ்டருக்கும் சேர்த்து 3 வோல்ட்டாவது மிஞ்ச வேண்டும். 14.4 வோல்ட்டில் ஐ.சி. 2 வாட்டுக்கு மேல் சூடாகும், சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க் கட்டாயம். அதன் உலோக முதுகு அவுட் காலோடு இணைந்தது. மின்சாரம் கடத்தாத மைக்கா தாள் வைக்காமல் இரும்புப் பெட்டியில் முறுக்கினால், பெட்டி மைனஸோடு தொட்ட நிமிடம் ஷார்ட்.

இரண்டு வரிசைகளை ஒரே ரெகுலேட்டரில் இணையாகக் கோர்க்கவும் கூடாது. கரண்ட் இரண்டுக்கும் சமமாகப் பிரியாது.

தெருவிளக்கும் சோலார் விளக்கும் வாங்கும் ஊராட்சிகள், எத்தனை வாட் என்பதோடு 'கான்ஸ்டன்ட் கரண்ட் டிரைவர், உள்ளீடு 10.5 முதல் 15 வோல்ட்' என்றும் கொள்முதல் குறிப்பில் எழுதிக் கேட்க வேண்டும்.

மின்னணுப் பழுதுபார்ப்போர்,
கோத்தகிரி