கிளார்க்குக்கு முன்பும் கூட்டம் இருந்தது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு விளையாட்டுப் பக்கத்தில் அயோவா பல்கலைக்கழக அணியில் ஆடிப் புகழ்பெற்ற கூடைப்பந்து வீராங்கனை கெய்ட்லின் கிளார்க் பற்றிய கட்டுரையில், அவர் வரும்வரை அமெரிக்காவில் பெண்கள் கூடைப்பந்தை எவரும் ஏறெடுத்தும் பார்த்ததில்லை என்று எழுதியிருந்தார்கள். கட்டுரையாளர் பிறப்பதற்கு முன்பு நடந்தவையெல்லாம் நடக்காதவை ஆகிவிடும் போலும்.

1985 பிப்ரவரி 3 அன்று, அயோவா நகரின் கார்வர்-ஹாக்ஐ அரங்கில் ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழக அணிக்கு எதிரான அயோவா பல்கலைக்கழகப் பெண்கள் அணியின் கூடைப்பந்து ஆட்டத்தைக் காண 22,157 பேர் வந்திருந்தனர். இருக்கைகளோ பதினைந்தாயிரத்துச் சொச்சம். அங்கு முதுகலை மாணவியாக இருந்த நான், குளிர்கோட்டை மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு, முன்னால் இருப்பவர் முதுகில் முழங்கால் இடிக்கப் படிக்கட்டில் அமர்ந்து பார்த்தவள். அன்று அயோவா தோற்றது. அது வேறு விஷயம். 2024இல் கிளார்க் ஆண்கள் கல்லூரிக் கூடைப்பந்தில் பீட் மாராவிச் படைத்த 3,667 புள்ளிகள் என்ற சாதனையைக் கடந்ததும் அதே அரங்கில், அதே ஒஹையோ ஸ்டேட்டுக்கு எதிராகத்தான் என்பதைக் கட்டுரையாளர் கவனித்ததாகத் தெரியவில்லை.

அந்தக் கூட்டத்தைத் திரட்டியவர் கிறிஸ்டின் கிராண்ட். ஸ்காட்லாந்தில் பிறந்து, ஹாக்கிப் பயிற்சியாளராக இருந்து, 1973 முதல் 2000 வரை அயோவா பல்கலைக்கழகப் பெண்கள் விளையாட்டுத் துறையின் இயக்குநராகப் பணியாற்றிய அவர், கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்யும் 1972ஆம் ஆண்டின் டைட்டில் நைன் சட்டம் நீர்த்துப்போகாதிருக்க அமெரிக்க நாடாளுமன்றக் குழுக்களின் முன் சாட்சியம் அளித்தவர் என்பது தாங்கள் அறியாததல்ல. செய்னி என்ற சிறு கல்லூரியின் அணியை 1982 தேசியக் கல்லூரிப் போட்டியின் இறுதியாட்டம்வரை கொண்டுசென்ற கறுப்பினப் பயிற்சியாளர் விவியன் ஸ்ட்ரிங்கரை, மறு ஆண்டே அயோவாவுக்கு அழைத்து வந்தவரும் அவரே. அந்தச் சட்டத்துக்குப் பின் பல கல்லூரிகளில் பெண்கள் துறைகள் ஆண்கள் துறையோடு இணைக்கப்பட்டு, இயக்குநர் நாற்காலிகள் ஆண்களிடம் போய்ச் சேர்ந்தன. 1972இல் பெண்கள் அணிகளின் பயிற்சியாளர்களில் 90 விழுக்காட்டுக்கு மேல் பெண்கள். இன்று பாதிகூட இல்லை. இதைப் பற்றியும் தங்கள் பக்கத்தில் ஒரு வரி கண்டதில்லை.

டென்னசி பல்கலைக்கழகப் பெண்கள் கூடைப்பந்துப் பயிற்சியாளராக 1,098 வெற்றிகள் கண்ட பாட் சம்மிட் 2016இல் மறைந்தபோது தாங்கள் ஒதுக்கிய இடம் ராசிபலனைவிடச் சிறியது. 2021 டிசம்பர் 31 அன்று கிராண்ட் மறைந்தபோது அதுவும் இல்லை. நான் எழுதியனுப்பிய அஞ்சலிக் கடிதம் அச்சேறவில்லை. இடப் பற்றாக்குறை என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். அந்த வாரம் ஒரு கிரிக்கெட் வீரரின் புதிய சிகையலங்காரத்துக்கு அரைப்பக்கம் கிடைத்திருந்தது.

கிளார்க்கின் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்த ஒரு வாக்கியத்தை இணையப் பதிப்பிலேனும் திருத்தி, கிறிஸ்டின் கிராண்ட் என்ற பெயரை ஒரே ஒரு முறை எழுத்துப்பிழையின்றி வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். படம்கூட வேண்டாம்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
ஸ்ரீரங்கம்