கால் ஆணியா, மருவா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உள்ளங்காலில் தடித்து வலிக்கும் எதையும் கால் ஆணி என்று முடிவுகட்டி, சவர பிளேடால் சீவிவிடும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் தொடர்வது எனக்குப் பெரும் கவலையளிக்கிறது. என் மகளின் குதிகாலில் வந்ததையும் நாங்கள் அப்படித்தான் சீவினோம்; இரண்டே மாதத்தில் ஒன்று நான்கான பிறகுதான், அது பாப்பிலோமா வைரஸால் வரும் மரு என்று தெரிந்தது.

வேறுபாட்டைக் கண்ணாலேயே ஓரளவு அறியலாம். தோலின் ரேகைகள் ஆணியின் மேல் தொடர்ந்து ஓடும்; மருவை அடைந்ததும் விலகிப்போகும். மருவுக்குள் கடுகைவிடச் சிறிய கரும்புள்ளிகள் தெரியும். பலர் நினைப்பதுபோல் அவை வேர்கள் அல்ல, இரத்தம் உறைந்த நுண்குழாய்கள்.

இரவில் பாதத்தை ஐந்து நிமிடம் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, தடித்த தோலை நக அரத்தால் மெல்லத் தேய்த்து, சுற்றியுள்ள நல்ல தோலில் வாசலின் தடவிய பின், மருவின் மேல் மட்டும் 17 சதவீத சாலிசிலிக் அமிலத்தை இட வேண்டும். இதை 12 வாரம் வரை விடாமல் செய்ய வேண்டியிருக்கும். அந்த அரத்தை வேறெவரும் பயன்படுத்தக் கூடாது. சுண்ணாம்பும் சலவைச் சோடாவும் குழைத்து வைப்பது தோலை வேகவைத்துப் புண்ணாக்கும்.

நீரிழிவு உள்ளவர்களும் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களும் இதை வீட்டில் முயலவே கூடாது. மருத்துவரிடம்தான் செல்ல வேண்டும். இந்த மருந்தைக் கேட்டு வருவோரிடம், சர்க்கரை நோய் உண்டா என்று மருந்துக் கடைக்காரர்கள் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுக்கும்படி தங்கள் நாளிதழ் வலியுறுத்த வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர், தஞ்சாவூர்