பத்து டேப்லெட்டுகள் குறித்து அப்பா எழுதுவது

தன்லின், மியான்மர் (பர்மா)

அன்புள்ள மகளுக்கு,

இங்கே நானும் அம்மாவும் நலம். சிங்கப்பூரில் நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம் கோயில் தமிழ் வகுப்புக்காக நீயும் உன் தோழிகளும் பணம் சேர்த்துப் பத்து டேப்லெட்டுகள் வாங்கி அனுப்பப்போவதாக அம்மாவிடம் சொன்னாயாம். நான் உடனே பதில் சொல்லாததற்குக் கோபம் காரணமன்று. யோசிக்க இரண்டு வாரம் பிடித்தது. போனில் பேசினால் பாதியில் இணைப்பு அறுந்து, மீதியை நீ வேறு விதமாக எடுத்துக்கொள்வாய் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் உன் கட்சிக்கு வலுச்சேர்ப்பதையே சொல்லிவிடுகிறேன். கோடை வகுப்புக்கு வந்த ஒரு சிறுமி வாயே திறக்கமாட்டாள். ‘பழம்’ என்று சொல்லச் சொன்னால் தலையைக் குனிந்துகொள்வாள். மூன்றாம் முறை கேட்கும்போது என் குரல் எப்படி உயரும் என்பது உனக்குத் தெரியாததல்ல. அவள் தன் அண்ணனின் கைப்பேசியில் ஒரு பாட்டுப் பாடத்தை இறக்கி வைத்துக்கொண்டு, மண்டபத்துத் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து, ஒரே வரியை நாற்பது தடவையாவது கேட்டிருப்பாள். பத்தாம் நாள் ழகரம் தெளிவாக வந்தது. தப்பாகச் சொல்லிப் பார்ப்பதற்கு அவளுக்கு ஆளில்லாத ஓரிடம் தேவைப்பட்டிருக்கிறது. ஐம்பது ஆண்டுகள் பாடம் நடத்திய எனக்கு அது தோன்றவில்லை.

1960களின் நடுவில் தனியார் பள்ளிகள் அரசுடைமையான பிறகு, இந்நாட்டில் தமிழ்ப் படிப்பு பெரும்பாலும் கோயில் மண்டபங்களில்தான் பிழைத்துக்கிடந்தது. நீ படித்த பாடநூல்கூட நகலுக்கு நகல் எடுத்ததுதான். ணகரத்தின் சுழிகள் ஒட்டிக்கொண்டு கரும்புள்ளியாகிவிட்டிருக்கும், அது மூன்று சுழியா இரண்டு சுழியா என்று என் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாய். அந்த வறட்சியை நினைத்தால் இன்று இருப்பது பெருஞ்செல்வம். மதுரைத் திட்டத்தார் 1998 முதல் பழந்தமிழ் நூல்களை இலவசமாக இணையத்தில் ஏற்றி வந்திருக்கிறார்கள். சென்னையில் 2001-இல் தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இப்போதைய தமிழ் இணையக் கல்விக்கழகம், நம்மைப் போல் வெளிநாட்டில் இருப்பவர்களையும் மனத்தில் வைத்துப் பாடங்களை அமைத்தது. ஆனால் 2014-இல் வெளிநாட்டு நிறுவனங்கள் வந்து சிம் அட்டையை 1,500 கியாட் என்ற மலிவு விலைக்கு விற்கும் வரையில், அவை இருந்தும் நமக்கு இல்லாதவையே.

இனி, நான் தயங்குவதற்கான காரணம். உன் அத்தை பேரன் எழுத்துப் பயிற்சிச் செயலி ஒன்றில் ‘ழ’ எழுதிக் காட்டினான். புள்ளிகள் மேல் விரலை ஓட்டியதும் திரையில் பச்சைக் குறி விழுந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன்: அவன் எழுத்தைக் கீழிருந்து மேலாக இழுத்தான், பர்மிய எழுத்தின் வட்டங்களுக்குப் பழகிய கை. வடிவம் சரியாக இருந்ததால் செயலி மெச்சியது. தாளில் ‘வாழைப்பழம்’ எழுதச் சொன்னபோது ஒவ்வொரு ழகரத்திலும் கை நின்று நின்று போயிற்று. அவன் விரலைப் பிடித்து மேலிருந்து தொடங்க வைத்தேன். இரண்டு வாரத்தில் சரியாயிற்று. பிழையைக் கருவியும் கண்டுபிடிக்கும், எனினும் அது எங்கிருந்து வந்தது என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்தான் காண்கிறார்.

அதைவிடப் பெரிய பாடத்தை என் சொந்தத் தவறிலிருந்து கற்றேன். 2020-இல் நோய்த்தொற்றால் மண்டபத்தைப் பூட்டியபோது பதினான்கு பிள்ளைகளுக்குக் கைப்பேசி வழியே பாடம் நடத்தினேன் அல்லவா? எல்லாம் இணையத்திலேயே இருக்கிறது, நோட்டில் எழுத வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். 2021 பிப்ரவரியில் நாட்டு நிலைமை மாறியது, மார்ச் நடுவில் கைப்பேசி இணையம் நிறுத்தப்பட்டது. பிள்ளைகளிடம் மிஞ்சியவை திறக்காத இணைப்புகள் மட்டுமே. என் பேச்சைக் கேளாமல் நோட்டில் எழுதிவைத்திருந்த இரண்டு பேரின் நோட்டுகளை வைத்துத்தான் மறுபடி வகுப்பைத் தொடங்கினோம். இன்றும் மின்சாரம் முறை வைத்துத்தான் வந்து போகிறது; வகுப்பு நேரத்துக்கு அது வருவது அதிர்ஷ்டம்.

யுனெஸ்கோ 2023-இல் வெளியிட்ட கல்வித் தொழில்நுட்ப அறிக்கையை நீதானே அனுப்பினாய். பெரு நாட்டில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகளைக் கொடுத்தும், கற்பிக்கும் முறையோடு அவற்றை இணைக்காததால் கற்றல் மேம்படவில்லை என்று அதில் படித்தேன். பத்து கருவிகள் வந்தால் நம் மண்டபத்திலும் அதே கதைதான். அவற்றைப் பூட்டி வைப்பதற்கும் மின்னேற்றுவதற்குமே எனக்குப் பொழுது போதாது.

ஆகவே இரண்டு மட்டும் அனுப்பு. இணையம் இல்லாமலே திறக்கும்படி பாடங்களையும் நூல்களையும் அவற்றில் முன்கூட்டியே நிரப்பிவிடு. தனியே இரண்டு மெமரி கார்டிலும் பிரதி வை. மீதிப் பணத்தில் ஒரு சிறிய சோலார் பலகை, பேட்டரி, அச்சுப்பொறி, ஒரு ஸ்பீக்கர் ஆகியவற்றை இங்கேயே ரங்கூனில் வாங்கிக்கொள்கிறேன். டேப்லெட் திரையில் கண்டதை அன்றே தாளில் அச்சிட்டு, வீட்டுக்குக் கொடுத்தனுப்ப முடியும்.

இன்னொரு வேலையும் உனக்கு உண்டு. சென்னைக்காரர்களின் ஒலிப்பதிவுகள் நன்றாகத்தான் இருக்கின்றன, ஆனால் வேகம் நம் பிள்ளைகளுக்குப் பிடிபடவில்லை. நீ இந்த மண்டபத்தில் படித்தவள், எந்தச் சொல்லில் நாக்கு தடுக்கும் என்பது உனக்குத் தெரியும். முதல் பன்னிரண்டு பாடங்களை உன் குரலில் வாசித்து அனுப்பு. ஒவ்வொரு வரிக்குப் பிறகும் பிள்ளைகள் திருப்பிச் சொல்லும் அளவுக்கு இடைவெளி விடு. நாலாம் பாடத்தில் ‘கிழவி வாழைப்பழம் விற்றாள்’ என்று வரும் இடத்தில் நீ சிறுவயதில் சிரித்து நிறுத்திவிடுவாய்; இப்போது சிரிக்காமல் வாசி, அல்லது சிரித்தாலும் அப்படியே விட்டுவிடு. ஞாயிறு காலை மின்சாரம் இருக்கும் முறை என்றாள் அம்மா, அப்போது கூப்பிடு.

அன்புடன்,
அப்பா