போகியில் எரியாத கட்டு

மஞ்சக்குப்பம், கடலூர்
22.1.2025

அன்புள்ள வேலு,

பொங்கலுக்கு ஒரு வரி எழுதவில்லை என்று திட்டி முடித்துவிட்டாயா? இங்கே எல்லோரும் நலம். என் மானம் மட்டும் தெருவில் பறந்தது.

ஃபெஞ்சல் புயல் மழையில் அப்பாவின் டிரங்குப் பெட்டி நனைந்ததைச் சொன்னேன் அல்லவா? 2011 'தானே' புயலிலேயே ஒருமுறை நனைந்த காகிதங்கள் அவை. 1978 மின்கட்டண ரசீதைக்கூடக் கம்பியில் குத்தி வைத்திருந்த மனிதர்! மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, இறப்புச் சான்றிதழ் இவற்றை எடுத்துக்கொண்டு, மீதியோடு என் பழைய காகிதங்களையும் சேர்த்துச் சணலால் கட்டிப் போகியன்று கொளுத்தினேன். கட்டாகக் கிடக்கும் காகிதத்துக்குள் காற்றுப் புகாது, ஓரம் கருகும், நடு அப்படியே இருக்கும் என்பது இந்த வயதில்தான் தெரிந்தது. சணல் எரிந்து அறுந்ததும் கடற்காற்று தாள்களை எதிர்வீட்டு மாடிக்குக் கொண்டுபோய்விட்டது. அந்த வீட்டுப் பையன் நாலைந்தைப் பொறுக்கி வந்து, "தாத்தா, பென்ஷன் இவ்வளவுதானா?" என்கிறான்.

சிரிக்காதே. ஆதார் எண், கணக்கு எண், கையெழுத்து மூன்றும் ஒரே தாளில் இருந்தன. அன்றிரவு முழுவதும் ஓடிபி சொல்லி ஏமாந்த நம் சேகர் கண்முன் நின்றான். கடைசி நான்கு எண் மட்டும் தெரிகிற ஆதாரை எடுத்துக் கொடுங்கள் என்று மகள் எத்தனை முறை சொன்னாள்!

காப்பாற்றியவர் என் மாமியார். எரியாத தாள்களைக் கிழித்து அண்டாவில் இரண்டு நாள் ஊறவைத்து, வெந்தயம் சேர்த்து உரலில் இடித்து, கவிழ்த்த குடத்தின்மேல் அப்பிக் காயவைத்தார். என் 15 வருட வங்கிக் கணக்கு இப்போது பூண்டுக் கூடை. எந்தத் திருடன் படிக்கிறான் பார்ப்போம். ஸ்டேப்ளர் பின் ஒன்றை எடுக்க மறந்ததற்கு மட்டும் வசவு வாங்கினேன். வருமான வரிக் காகிதங்களை அவர் கண்ணில் காட்டவில்லை. ஏழெட்டு வருடமாவது கிடக்கட்டும்.

இன்னொன்றையும் காட்டவில்லை. பெட்டியின் அடியில் ஒரு புரோநோட்டு, அப்பாவிடம் கடன் வாங்கி எழுதிக் கொடுத்த சீட்டு. ரெவின்யூ ஸ்டாம்பின்மேல் உன் கையெழுத்து. 1991, ஐயாயிரம் ரூபாய். உன் தங்கை கல்யாணம் அந்த வருடம்தானே? அப்பா என்னிடம் மூச்சு விட்டதில்லை. நீயும்தான். பின்பக்கம் வரவு எதுவும் எழுதவில்லை, முன்பக்கம் குறுக்கே பேனாவால் ஒரு கோடு மட்டும் இழுத்திருக்கிறார்.

பயப்படாதே, மூன்று வருடத்தில் காலாவதியாகிற காகிதம்! உள்ளே வைத்திருக்கிறேன். உரலில் போட மனம் வரவில்லை. கிழிப்பதானால் நீயே கிழி.

உன்
ராமு