முப்பது கிலோ நானூறு கிராம்

வெள்ளவத்தை
19.01.2025, ஞாயிறு

அன்புள்ள பிள்ளைக்கு,

கீழ்வீட்டு அன்ரியின் மகன் வியாழக்கிழமை மெல்பேர்ன் திரும்புகிறான். "தூள் ஏதும் குடுத்துவிடுறதெண்டா தாங்கோ" என்று அவனாகவே வந்து கேட்டான். ஒரு கிலோ கறித்தூள் வறுத்து இடித்து வைத்திருக்கிறேன். அங்கே இறங்கும்போது நிரப்புகிற கார்டில் மறைக்காமல் எழுதச் சொல்லியிருக்கிறேன், எழுதினால் பிரச்சினை இல்லை என்று நீதானே சொன்னாய். தூளோடு இந்தக் கடிதமும் வரும். வட்ஸ்அப் இருக்கும்போது என்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் கதைக்கத் தொடங்கினால் நான் "சாப்பிட்டாயா, குட்டி சாப்பிட்டானா" என்பதைத் தாண்டிப் போவதில்லை. எழுதினால் கொஞ்சம் போவேன் என்று நினைக்கிறேன்.

நான் சுகம். முழங்கால் பரவாயில்லை. போன கிழமை வெறும் வயிற்றில் பார்த்த சுகர் 148. கார்த்திகையில் இருந்ததை விடக் குறைவு. குறைந்ததற்குக் காரணம் இருக்கிறது, சொல்கிறேன்.

ஜனவரி முதலாம் திகதி ஜனாதிபதி "கிளீன் ஸ்ரீலங்கா" திட்டத்தைத் தொடங்கி வைத்ததை டிவியில் பார்த்துக்கொண்டிருந்தேன். நாடே ஒரு தீர்மானம் எடுக்கிறது, நானும் எடுத்தால் என்ன என்று தோன்றியது. அப்பாவின் மேசையில் எழுதாத சீ.ஆர். கொப்பி ஒன்று கிடந்தது. முதல் பக்கத்தில் மூன்று விஷயம் எழுதினேன். காலையில் மரீன் டிரைவில் அரை மணித்தியாலம் நடப்பது. தேத்தண்ணிக்கு இரண்டு கரண்டி சீனியை அரைக் கரண்டியாக்குவது. இரவு படுக்க முன் ஐந்து வரி எழுதுவது. கணக்கு வழக்கு இல்லை, அன்றைக்குக் கண்டது கேட்டது.

இன்றோடு பத்தொன்பது நாள். பதினாலு நாள் நடந்தேன், ஐந்து நாள் மழை. சீனி பொங்கலன்று மட்டும் தவறியது. ஐந்து வரி ஒரு நாளும் தவறவில்லை. இருபத்தெட்டு வருஷம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவளுக்கு இதில் ஒரு சின்ன முறை தெரியும்: "செய்தேன்", "செய்யவில்லை" என்று மட்டும் எழுத வேண்டும். காரணம் எழுதக்கூடாது. காரணம் எழுதத் தொடங்கினால் காரணம்தான் வளரும், வேலை வளராது. சப்பாத்தை இரவே கதவடியில் எடுத்து வைத்துவிடுகிறேன். சீனிப் போத்தலை மேல் தட்டில் ஏற்றியாயிற்று, கதிரை போட்டுத்தான் எடுக்க வேண்டும். நீயும் இப்படி ஏதாவது செய். நேரத்துக்குப் படுப்பதை மட்டும் எழுதி வைத்தாலும் போதும். நேரத்துக்குப் படு பிள்ளை.

ஐந்தரைக்கு இறங்கினால் கடல் இன்னும் கறுப்பாகத்தான் இருக்கிறது. அப்புறம் பாணந்துறைப் பக்கமிருந்து கோச்சி வரும், வாசலில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போகிற சனம். கோச்சி போன பிறகு பார்த்தால் கடல் வெளித்திருக்கும். எந்த நிமிஷத்தில் வெளிக்கிறது என்று பிடிக்கப் பார்க்கிறேன், ஒரு நாளும் பிடிபடவில்லை. இதை மூன்று நாள் எழுதியிருக்கிறேன். திரும்பி வரும்போது பாண் விற்கிற சூன் பாண் ஓட்டோ அந்தப் பாட்டோடு ஒழுங்கைக்குள் திரும்பும். குட்டி அதைக் கேட்டு பல்கனிக்கு ஓடினது நினைவு வரும்.

நான் கொப்பி எழுதுவது உனக்குப் புதிதில்லை. 83 ஆடிக் கலவரத்தில் ஐந்து கொப்பி வீட்டோடு போனது. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியில் அகதியாக இருந்தபோது கொப்பியை நினைத்து அழுதேன் என்று உன் அம்மம்மா கடைசி வரைக்கும் சொல்லிக் காட்டுவா. பிறகு எழுதவில்லை. 2022 இல் மறுபடி தொடங்கினேன். பங்குனி கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாளில் நீ அனுப்பின சோலார் லைட்டை வைத்துக்கொண்டு எழுதினேன். காஸ் வந்ததா, வரிசையில் எத்தனையாவது ஆள், அரிசி என்ன விலை. நேற்று அதை எடுத்துப் பார்த்தேன். எல்லாம் இருக்கிறது. அந்த மாசம் அப்பாவை நினைத்து நான் எத்தனை இரவு விழித்திருந்தேன் என்பது மட்டும் ஒரு வரிகூட இல்லை.

பொங்கலுக்குச் சிவப்புப் பச்சையரிசி தேடி மூன்று கடை ஏறி இறங்கினேன், இல்லை. வெள்ளையில்தான் பொங்கினேன். தேங்காய் ஒன்று 200 ரூபாயைத் தாண்டிவிட்டது. நீ சீ.பி.ஏ. கணக்காளர் பரீட்சை முடித்த செய்தி வந்த அன்று பிள்ளையாருக்கு பதினொரு தேங்காய் உடைத்தேனே, அது நினைவு வந்தது. அன்றைக்கு மயூரபதி கோவிலில் நான் சொல்லாத ஆள் இல்லை. வேலைக்கும் போய், குட்டியையும் பார்த்து, இரவிரவாகப் படித்து முடித்தாய். எங்கள் குடும்பத்தில் அப்படி மூச்சைப் பிடித்து ஒரு காரியத்தை முடித்தவர் யாரும் இல்லை, நான் உட்பட. எடுத்ததை முடிக்கிற பிள்ளை நீ.

அந்தப் பிள்ளைதான் ஞாயிற்றுக்கிழமையில் எடுக்காமல் விட்டுவிட்டாய். ஏழு வருஷம், ஒரு ஞாயிறு தவறவில்லை. ஐப்பசிக்குப் பிறகு ஐந்து தரம்தான் எடுத்திருக்கிறாய். தம்பி மாசத்துக்கு ஒரு தரம், அதுவும் நாலு நிமிஷம். அவனில் எனக்குக் கோபம் இல்லை, சின்னனிலிருந்தே அவன் அப்படி. நீ அப்படி இல்லை. கோபத்தில் எழுதவில்லை. கொஞ்சம் கோபமும்தான்.

மருமகனுக்காகக் கட்டுகிற கௌரிக் காப்பு இந்த முறை கட்டவில்லை என்று சொன்னாய். கோவிலுக்குப் போக நேரம் கிடைக்கவில்லை என்றாய். சரி, அங்கே தூரம். போன வருஷங்களில் நேரம் கிடைக்காதபோது தபாலில் அனுப்பச் சொல்லிக் கேட்பாய், நான் பூவும் நூலும் மடித்து அனுப்புவேன். இந்த முறை கேட்கவில்லை. தீபாவளிக்கு வீடியோவில் குட்டிக்கு நெற்றியில் திருநீறு பூசினாய், அப்போது உன் கையைப் பார்த்தேன். மருமகன் சுகமா என்று கேட்டேன். சுகம் என்றாய். மார்கழியிலும் கேட்டேன். சுகம், வேலை கூட என்றாய். நானும் பெரிய வேலைதானே, கூடத்தான் இருக்கும் என்றேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. முகம் ஒட்டிப் போயிருக்கிறது. இங்கே நான் படுக்கப் போகிற ஒன்பதரைக்கு நீ ஒன்லைனில் இருப்பதைப் போன் காட்டுகிறது. இப்போது உங்களுக்கும் எங்களுக்கும் ஐந்தரை மணித்தியாலம் வித்தியாசம். அப்படியென்றால் உனக்கு விடியப்புறம் மூன்று மணி. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை பிள்ளை. வேலைக்குப் போகிற ஆள், நேரத்துக்குப் படுக்க வேண்டும் என்று எத்தனை தரம் சொல்லியிருக்கிறேன்.

பொங்கலன்று நீ எடுத்தது எனக்குப் பெரிய சந்தோஷம். குட்டியைக் கேட்டேன், அம்மம்மா வாங்கித் தந்த பந்தோடு விளையாடுகிறாயா என்று. "அது அப்பாட வீட்டில இருக்கு அம்மம்மா" என்றான். நீ உடனே போனை வாங்கி, பால் பொங்கினதா, எந்தப் பக்கம் வழிந்தது என்று கேட்டாய். நானும் கிழக்குப் பக்கம் என்று சொல்லி, அடுப்பைப் பார்க்க வேண்டும் என்று வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை.

அன்றிரவு ஐந்து வரி எழுதினேன். "வெள்ளைப் பச்சையரிசி. பொங்கல் கிழக்கே வழிந்தது. பிள்ளை எடுத்தாள். குட்டி வளர்ந்துவிட்டான். சீனி: செய்யவில்லை." எழுதி முடித்துத் திரும்ப வாசித்தேன். இதற்காகவா கொப்பி எழுதுகிறேன் என்று இருந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு இரவும் பழைய கொப்பியை எடுத்து ஆகஸ்ட் மாசத்தைத்தான் தேடிப் பார்க்கிறேன். நீ வந்து நின்ற பதினெட்டு நாளும் எழுதியிருக்கிறேன். காலி முகத்திடலில் குட்டி பட்டம் விட்டது, இறால் வடை, சின்ன மாமி வீட்டுச் சாப்பாடு. நீ போன நாளுக்கு இப்படி இருக்கிறது: "பிள்ளை போய்விட்டாள். பெட்டி 30.4 கிலோ. ஒடியல் மா அரைக் கிலோ எடுத்து வைத்தோம்."

அன்றைக்கு நடந்தது அது இல்லை. நீ கட்டிலில் இருந்தாய். குட்டியின் சுவெற்றரை மடித்து, பிரித்து, திரும்ப மடித்தாய். "அம்மா, கொஞ்சம் இருங்கோ. உங்களோட ஒரு விஷயம் கதைக்கோணும்" என்றாய். நான் "முதல் பெட்டியைத் தூக்கு, எத்தனை காட்டுதெண்டு பார்ப்பம்" என்றேன். நீ எழும்பித் தராசைக் கொழுவித் தூக்கினாய். முப்பது புள்ளி நாலு. நான் பெட்டியைத் திறக்கச் சொன்னேன். எது பாரம், எதை எடுக்கலாம், கருவாட்டுப் பார்சலை ஏன் அடியில் வைத்தாய் என்று உன்னோடு சண்டை பிடித்தேன். அந்த நானூறு கிராமுக்கு அரை மணித்தியாலம் எடுத்தேன். கீழே வான் ஹோர்ன் அடித்தது. நீ ஒன்றும் சொல்லாமல் முகம் கழுவப் போனாய்.

நான் உன் கதையைக் கேட்கத் தவறினேன் என்று நீ நினைத்திருப்பாய். இல்லை பிள்ளை. எனக்குத் தெரியும். நீ வந்த மூன்றாம் நாளே தெரியும். மருமகன் எடுத்தால் போனைக் குட்டியிடம் கொடுத்துவிட்டு நீ பல்கனிக்குப் போய் நிற்பாய். பதினெட்டு நாளும் அப்படித்தான். லீவு கிடைக்காததால் வரவில்லை என்றாய், நான் எல்லாருக்கும் அதையே சொன்னேன். நீ என்ன சொல்லப் போகிறாய் என்று தெரிந்துதான் தராசைத் தூக்கச் சொன்னேன். நீ சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும், நான் அடுத்த வெள்ளிக்கிழமை கோவிலுக்கு எப்படிப் போவேன், வீடு வாங்கினதை வாய் ஓயாமல் சொன்ன வாயால் இதை எப்படிச் சொல்வேன் என்று நினைத்தேன். பிள்ளை என் முன்னால் இருந்து கையைப் பிசைகிறாள், நான் வெள்ளிக்கிழமையைப் பற்றி நினைத்தேன். இதை எழுதக் கை கூசுகிறது. எழுதத்தான் வேண்டும்.

கோவிலுக்கு நேர்த்தி வைத்தால் நிறைவேற்றாமல் விடப் பயம். நமக்கு நாமே வைத்த தீர்மானத்தை விட்டால் கேட்க ஆள் இல்லை. அப்பா இருந்தால் கேட்டிருப்பார். அவர் உன்னை ஒரு சொல்லை முடிக்க விடாமல் மறித்ததில்லை. பள்ளிக்கூடத்தில் நடந்ததை நீ அரை மணித்தியாலம் சொல்வாய், அவர் பேப்பரை மடித்து மடியில் வைத்துவிட்டுக் கேட்பார். நான் அடுப்படியில் நின்று "சோறு ஆறுது" என்று கூப்பிடுவேன். அப்போதும் நான் அப்படித்தான்.

கொப்பியின் முதல் பக்கத்தில் நாலாவதாக ஒன்றை இன்றைக்கு எழுதினேன். பிள்ளை கதைக்கும்போது மறிக்காமல் இருப்பது. மற்றதெல்லாம் காலையில் நானாகச் செய்யலாம். இது நீ எடுத்தால்தான் செய்யலாம்.

என்ன முடிவு எடுத்தாலும், எடுத்துவிட்டிருந்தாலும், ஏன் என்று உன்னைக் கேட்கமாட்டேன். நீயாகச் சொன்னால் கேட்பேன். குட்டியைக் கொண்டு இங்கே வந்து கொஞ்ச நாள் நிற்க வேண்டும் போல் இருந்தால் வா. முன் அறையில் உன் கட்டில் அப்படியே கிடக்கிறது, விரிப்புக்கூட மாற்றிவிட்டேன். வர முடியாவிட்டால் எனக்கு விசா எடு, நான் வருகிறேன். குளிர் என்று இதுவரைக்கும் மூன்று தரம் சாட்டுச் சொன்னேன். சுவெற்றர் போட்டால் சரிதானே. ஆட்கள் கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன், அதை நீ யோசிக்காதே. பெரியம்மாவுக்கு மட்டும் இப்போதைக்குச் சொல்லவில்லை, நீ சொல்லச் சொன்னால் சொல்கிறேன்.

தூளைப் போத்தலில் போட்டு பிரிட்ஜில் வை, வெளியே வைத்தால் வண்டு பிடிக்கும். ஒடியல் மா அரைக் கிலோவும் வைத்திருக்கிறேன், அன்று எடுத்து வைத்தது இல்லை, புதிது. கூழ் காய்ச்சும்போது புளியைக் குறைத்துவிடு, குட்டிக்கு உறைப்பும் வேண்டாம். நேரத்துக்குச் சாப்பிடு.

இரவில் நித்திரை வராவிட்டால் போனை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் எனக்கு எடு. உனக்கு மூன்று மணி என்றாலும் எனக்கு ஒன்பதரைதான். டிவியை நிற்பாட்டிவிட்டு இருப்பேன்.

அன்புடன்,
அம்மா